‘வீடு வந்தால் போதும்’ என்கிறவர்களுக்கு

வாடகைக்கு விட்ட வீட்டைத் திரும்பக் கேட்டு அலைந்துகொண்டிருக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கு,



வரிசையாகக் கட்டடங்கள் வைத்துக்கொண்டு, வாடகை வசூலிக்கவே ஆள் போட்டிருப்பவர்களுக்கு இந்த மடல் தேவைப்படாது. அவர்களுக்கு வக்கீல் இருக்கிறார். காத்திருக்கத் தெம்பும் இருக்கிறது. நான் எழுதுவது, ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் மாடியில் ஒரு போர்ஷன் எடுத்தவர்களுக்கு. கணவர் விட்டுச்சென்ற ஒரே வீட்டின் வாடகையில் மருந்துச் செலவைச் சமாளிக்கிறவர்களுக்கு. வேலைக்காக வெளியூர் போய், சொந்த ஊர் வீட்டைத் தெரிந்தவர் மூலமாக யாருக்கோ விட்டுவிட்டு, இப்போது அந்த வீட்டு வாசலிலேயே நின்று கெஞ்ச வேண்டிய நிலைக்கு வந்துவிட்டவர்களுக்கு.

சிவில் வழக்கு நடத்துவது என் தொழில். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்ததும் நீங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: “எப்போ சார் காலி பண்ணுவாங்க?” குறித்த நாளைத் தாண்டி அவர்கள் இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று நான் சொன்னால், கையை அசைத்து மறுத்துவிடுகிறீர்கள். “அதெல்லாம் வேண்டாம் சார், வீடு வந்தால் போதும்.” இந்த ஒரு பேச்சைக் கைவிடச் சொல்லித்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்பது புரியாமல் இல்லை. பணம் கேட்டால் முரண்டு பிடித்து இன்னும் இரண்டு வருஷம் உட்கார்ந்துவிடுவார்களோ என்ற பயம். மேலும் கீழுமாக இருந்து, பண்டிகைக்குப் பலகாரம் மாற்றிக்கொண்டவர்களிடம் இழப்பீடு கேட்பதா என்ற கூச்சம். அடுத்தவர் கஷ்டத்தில் காசு பார்ப்பதாக அக்கம்பக்கம் பேசுமோ என்ற தயக்கம். இவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எதிர்ப்பக்கத்தில் ஓடுகிற கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

2018-ல் ஒருவர் 12,000 ரூபாய் வாடகைக்கு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். இன்று அதே தெருவில் அதே அளவு வீடு 20,000 ரூபாய்க்குப் போகிறது. அவர் வெளியேறினால் மாதாமாதம் 8,000 ரூபாய் கூடுதல் செலவு. புது இடத்துக்கு அட்வான்ஸ், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, சாமான் ஏற்றும் வண்டி, ஆள் கூலி என்று ஒரு தொகை கையிலிருந்து போகும். உங்கள் வீட்டிலேயே 14 மாதம் இழுத்தடித்தால், வாடகை வித்தியாசத்தில் மட்டும் அவருக்கு 1,12,000 ரூபாய் மிச்சம். கடைசியில் நாலு பேர் வந்து சமாதானம் பேசும்போது, “பழசை விட்டுடுவோம், சாவியைக் குடுங்க” என்று முதலில் சொல்வதும் நீங்கள்தான். அந்த 1,12,000 ரூபாய் உங்கள் பணம். நீங்கள் கேட்காததால் அவருக்குப் போய்ச் சேர்ந்த பணம்.

வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்குவதும், பதிவுத் தபாலில் வந்த நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதும், தோற்பது உறுதி என்று தெரிந்தே மேல்முறையீட்டுக்குப் போவதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். பணம் கேட்டால் இன்னும் ஒட்டிக்கொள்வார்கள் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். நான் பார்த்தவரை நடப்பது வேறு. ஆட்டோவில் மீட்டர் ஓடுவதைப் போல நாளுக்கு நாள் தொகை ஏறுகிறது என்று தெரிந்தவர்தான் வேறு வீடு தேடிக் கிளம்புகிறார்.

சட்டம் வாடகைதாரர் பக்கம்தான் என்று இன்னமும் பலர் நினைக்கிறீர்கள். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் நடப்பில் இருந்த மாநிலம் இது. அந்த நினைப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனால் அந்தச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2017-ல் இயற்றப்பட்ட தமிழ்நாடு சொத்து உரிமையாளர் – வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. வாடகை என்ன என்பதை இப்போது ஒப்பந்தம்தான் முடிவு செய்கிறது. ஒப்பந்தத்தை எழுதி, துணை ஆட்சியர் நிலையிலுள்ள வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். காலம் முடிந்த பிறகும், நோட்டீஸோ உத்தரவோ வந்த பிறகும் காலி செய்யாமல் இருப்பவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்க அதன் 23-ஆம் பிரிவு வழி செய்திருக்கிறது.

நிலமும் வாடகையும் மாநிலங்களின் கையில் இருப்பதால், மத்திய அரசு 2021 ஜூனில் ஒரு மாதிரிச் சட்டத்தை மட்டும் வெளியிட்டு, மாநிலங்களை ஏற்கச் சொன்னது. அதில் முதல் இரண்டு மாதத்துக்கு இரண்டு மடங்கு, அதற்குமேல் நான்கு மடங்கு என்று போட்டிருக்கிறார்கள். முன்னே சொன்ன 12,000 ரூபாய் வீட்டை அந்தக் கணக்கில் வைத்தால், 14 மாதத்துக்கு 6,24,000 ரூபாய் வரும். இரட்டிப்போடு நிறுத்திக்கொண்டாலும் 3,36,000. மாதாமாதம் கட்டிய பழைய வாடகையைக் கழித்தால்கூட 1,68,000 ரூபாய் அவர் தர வேண்டியிருக்கும். இழுத்தடிப்பதில் இருந்த லாபம் இந்த இடத்தில் நஷ்டமாகிவிடுகிறது. மடங்குகள் வைத்ததன் நோக்கமே அதுதான்.

இந்த உரிமை காகிதத்தோடு கட்டப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். முத்திரைத்தாளில் 11 மாதத்துக்கு ஓர் ஒப்பந்தம் எழுதி, முதல் வருஷத்தோடு அதை அலமாரியில் போட்டுவிட்டு, அதற்கப்புறம் வாய்ப்பேச்சிலேயே வாடகையைக் கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த பழக்கம் இந்த 11 மாதம். வாடகை அதிகாரியிடம் பதிவதற்கு இந்த விலக்கு உதவாது. 11 மாதமானாலும் பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாகக் காட்டி உரிமை கேட்கப் புதிய சட்டம் தடை வைத்திருக்கிறது. அதனால் எல்லாம் போயிற்று என்று உட்கார்ந்துவிட வேண்டியதில்லை. ஒப்பந்தம் போடத் தவறியதையே காலி செய்யக் கோரும் காரணமாக 21-ஆம் பிரிவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் இழப்பீடு எந்தத் தேதியிலிருந்து என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு தாள் வேண்டும். ஒப்பந்தம் இல்லாதவர்களுக்கு அந்தத் தாள், முறையாக அனுப்பிய நோட்டீஸ். மாத வாடகை வீட்டுக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு. “வாயால சொல்லிட்டேனே” என்பது எந்த நீதிமன்றத்திலும் நிற்பதில்லை.

நோட்டீஸ் அனுப்பிய பிறகு நீங்கள் செய்வதைப் பார்த்துத்தான் எனக்கு அதிகக் கவலை. அண்மையில் ஓர் அம்மா வந்திருந்தார். பிளாஸ்டிக் கவரில் வீட்டுவரி ரசீது, இ.பி. கார்டு, மகன் எழுதிக் கொடுத்த தேதிகள் என்று எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார். மார்ச்சில் நோட்டீஸ் போயிருக்கிறது. குடியிருப்பவர் கையெழுத்துப் போட்டு வாங்கிய அட்டையும் இருக்கிறது. செல்போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஏப்ரல் 5, மே 5, ஜூன் 5 என்று மாதம் தவறாமல் பணம் வந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே ‘ரெண்ட்’ என்ற குறிப்பு. அதற்குப் பதிலாக அந்த அம்மா மாதாமாதம் ஒரு கும்பிடு படம் அனுப்பியிருந்தார். மரியாதைக்காகச் செய்ததுதான். எதிர் வக்கீல் அதை அச்செடுத்துத் தாக்கல் செய்து, “காலம் முடிந்த பிறகும் வாடகை வாங்கிக்கொண்டார், ஆகவே மாதாமாதம் குடியிருக்கச் சம்மதித்துவிட்டார்” என்று வாதிடுவார். அதே 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 116-ஆம் பிரிவு அவருக்குக் கைகொடுக்கும் பிரிவு.

காலம் முடிந்தபின் வாடகையை வாங்கிக்கொண்டதாலேயே உரிமையாளர் புதுக் குத்தகைக்குச் சம்மதித்ததாக ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் சாந்தி பிரசாத் தேவி வழக்கில் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு நம் பக்கம் இருப்பது சரி. அதை மேற்கோள் காட்டி வாதாட வேண்டிய நிலைக்கே ஏன் போக வேண்டும்? பணம் வந்த அன்றே இப்படி ஒரு பதில் அனுப்பிவிடுங்கள்: “நம் வாடகை ஒப்பந்தம் இன்ன தேதியோடு முடிந்துவிட்டது. இன்று நீங்கள் அனுப்பிய 12,000 ரூபாயை வாடகையாக நான் ஏற்கவில்லை. வீட்டைக் காலி செய்யாமல் இருப்பதற்குத் தர வேண்டிய இழப்பீட்டில் ஒரு பகுதியாக, என் உரிமைகளுக்குக் குந்தகமின்றிப் பெற்றுக்கொள்கிறேன்.” மாதாமாதம் இதையே அனுப்புங்கள். மரியாதை குறையாத வாசகம்தான். பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டிய அவசியமில்லை. அதற்கு என்ன பெயர் என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள், அவ்வளவே.

வழக்கு சிவில் நீதிமன்றத்தில் நடந்தால் இழப்பீட்டின் அளவு வேறு விதமாக நிர்ணயமாகும். அங்கே மடங்குக் கணக்கு இல்லை. அனுமதியில்லாமல் வீட்டில் இருப்பவர் அந்த வீட்டிலிருந்து பெற்ற பலனை, அல்லது சாதாரண அக்கறையோடு இருந்தால் பெற்றிருக்கக்கூடிய பலனை வட்டியோடு கணக்கிட வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் விளக்கம். நடைமுறையில் அது சந்தை வாடகை. அதை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. இங்கேதான் நல்ல வழக்குகள் நோஞ்சானாகிப் போகின்றன. கூண்டில் ஏறி, “இப்ப விட்டா இருபதாயிரம் வரும்” என்று சொன்னால் மட்டும் போதாது. அதே தெருவில், அதே அளவு வீட்டுக்குப் போட்ட ஒப்பந்தத்தின் நகலைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். அவர் சாட்சி சொல்ல வந்தால் இன்னும் நல்லது. எதிர்வீட்டில் தொங்கும் டு-லெட் போர்டைப் படமெடுத்து, பேசிய வாடகையைத் தேதியோடு குறித்து வையுங்கள். வழக்குப் போட்ட பிறகு இவற்றைத் தேடினால் கிடைக்காது. அந்த வீடும் யாருக்காவது போய்விடும், போர்டும் இறங்கிவிடும்.

சிலர் ஒப்பந்தத்திலேயே “காலி செய்யத் தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய்” என்று எழுதி வாங்கி, இனிக் கவலையில்லை என்று இருக்கிறீர்கள். எழுதியது அப்படியே கிடைக்கும் என்று நம்பாதீர்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமானது எவ்வளவோ அதைத்தான் நீதிமன்றம் கொடுக்கும். 12,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு மாதம் 1,50,000 ரூபாய் இழப்பீடு என்று எழுதியிருப்பதைப் பார்க்கும் நீதிபதிக்கு உங்கள் மேல் நல்லெண்ணம் வராது. ஒப்பந்தத்தில் பொருத்தமான தொகையை எழுதுங்கள். இரட்டிப்பு வாடகை என்று எழுதினாலே பலமாக இருக்கும்.

இன்னொன்று. கோபத்தில் சிலர் செய்வதைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடிக்க முடியாது. மோட்டார் சுவிட்ச் இருக்கும் அறையைப் பூட்டுகிறீர்கள். ஃபியூஸைப் பிடுங்குகிறீர்கள். அவர்கள் ஊருக்குப் போன நேரம் பார்த்து வாசல் பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டைப் போடுகிறீர்கள். “ஸ்டேஷன்ல சொன்னா சிவில் மேட்டர்ங்கறாங்க” என்று, கட்டப் பஞ்சாயத்துக்காரர்களைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியச் சேவைகளை நிறுத்தக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருக்கிறது. குடியிருப்பவரைச் சட்டத்தின் வழியாகத் தவிர வேறு வழியில் வெளியேற்ற முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1989-ல் கிருஷ்ண ராம் மஹாலே வழக்கில் தெளிவாக்கிவிட்டது. பூட்டை உடைத்து வெளியேற்றினால் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அவர் திரும்ப உள்ளே வரலாம். வீட்டுக்கு யார் சொந்தக்காரர் என்ற கேள்வியே அதில் எழாது. உள்ளே இருப்பவர் எத்தனை தப்பு செய்திருந்தாலும் அந்த வீட்டில் ஒரு குழந்தை இருக்கும், ஒரு வயதானவர் இருப்பார். மே மாதத்தில் அவர்களுக்குத் தண்ணீர் இல்லாமல் செய்வது அநியாயம். வழக்கு என்று பார்த்தாலும் அன்றோடு நியாயம் இடம் மாறிவிடுகிறது. இழப்பீடு கேட்டு வந்த நீங்கள் பதில் சொல்ல வேண்டியவராகிறீர்கள்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்கிறேன். அட்வான்ஸ் தயாராக இருக்கிறதா?

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது ரொம்ப நாள் வழக்கம். வேறு உடன்பாடு இல்லாத வரையில் மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை கேட்கக் கூடாது என்று புதிய சட்டம் சொல்கிறது. எவ்வளவு வாங்கியிருந்தாலும் அந்தப் பணம் பெண் கல்யாணத்திலோ மாடி கட்டியதிலோ கரைந்திருக்கும். அடுத்த குடித்தனக்காரரிடம் வாங்கித்தான் இவருக்குத் தர வேண்டும் என்றிருப்பீர்கள். இவர் காலி செய்தால்தானே அடுத்தவர் வருவார்? அவர் பக்கம் நின்று பாருங்கள்: ஒரு லட்சம் ரூபாய் உங்கள் கையில் இருக்கும்போது, எதை நம்பி அவர் சாவியைக் கொடுப்பார்? புது வீட்டு அட்வான்ஸுக்கு அந்தப் பணத்தைத்தான் அவர் நம்பியிருக்கிறார். இப்படி மாட்டிக்கொண்டு தங்குகிறவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்த வழக்கை நடத்தவும் எனக்கு மனம் வருவதில்லை. முதலில் பணத்தைப் புரட்டுங்கள். “அட்வான்ஸ் தொகை தயாராக இருக்கிறது, சாவி கொடுக்கும் அன்றே உங்கள் கணக்குக்கு வரும்” என்று நோட்டீஸிலேயே எழுதுங்கள். அதற்குப் பிறகும் அவர் நகராவிட்டால், அவருக்குச் சொல்ல ஒரு காரணமும் மிச்சமில்லை.

போக்கியத்துக்கு விட்டவர்களுக்கும் இதே பேச்சுதான், இன்னும் கூடுதல் அழுத்தத்தோடு. எட்டு லட்சம், பத்து லட்சம் என்று மொத்தமாக வாங்கிவிட்டு, மாத வாடகையே இல்லாமல் விட்ட வீட்டில் எதை இரட்டிப்பாக்குவது? காலம் முடிந்த அன்று அந்தத் தொகையை எண்ணி வைக்க முடியாதவர், குடியிருப்பவர் காலி செய்யவில்லை என்று குறை சொல்ல முடியாது. தொகையைத் திருப்பித் தரத் தயார் என்று காட்டிய நாளிலிருந்து, சந்தை வாடகை அளவுக்குக் கேட்கலாம்.

அவகாசம் கேட்பவர்களையும் தனியாகப் பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு ஏப்ரலில் முடிகிறது, அதுவரை பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மாற்ற முடியாது என்பவர். மனைவிக்குப் பிரசவம் என்பவர். அறுவைச் சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருப்பவர். தேதி சொல்லிக் கேட்பவருக்குக் கொடுங்கள். எந்த நாள்வரை, அதுவரை என்ன தொகை, அந்த நாளைத் தாண்டினால் என்ன தொகை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். இழப்பீடு கேட்பது, கதவைத் திறக்காதவரிடமும், போனை எடுக்காதவரிடமும், “முடிஞ்சதைப் பார்த்துக்கோ” என்பவரிடமும்தான்.

வழக்கு என்று முடிவானால், வீட்டைக் கேட்கும் முதல் மனுவிலேயே இழப்பீட்டையும் கேட்டுவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைப்பதில் இரண்டு ஆபத்து. ஒன்று, வாடகைப் பாக்கிக்கும் இந்த இழப்பீட்டுக்கும் மூன்று வருஷம்தான் காலவரம்பு. அதற்கு முந்தைய மாதங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே வரும். இன்னொன்று, கேட்காததை நீதிமன்றம் தானாகத் தூக்கிக் கொடுப்பதில்லை. நீதிமன்றக் கட்டணத்துக்குப் பயப்படாதீர்கள்: ஏற்கெனவே கடந்துபோன மாதங்களுக்கான தொகைக்கு இப்போது கட்ட வேண்டும், வழக்கு நடக்கும் காலத்துக்கு உரியதற்கு, தொகை நிர்ணயமான பிறகு கட்டினால் போதும். தீர்ப்பு வந்ததும் அப்படியே விட்டுவிடவும் கூடாது. தீர்ப்புக்குப் பிந்தைய இழப்பீடு அதிகபட்சம் மூன்று வருஷத்துக்குத்தான் கிடைக்கும். உடனே நிறைவேற்று மனு போட்டு, அமீனாவை அனுப்ப வேண்டும்.

தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்தால் அவர் மேல்முறையீட்டுக்குப் போவார், தடையாணை கேட்பார். பலர் சோர்ந்துபோவது இந்தக் கட்டத்தில். இங்கே உங்கள் கையில் இருக்கும் ஆயுதம் 2004 டிசம்பரில் வந்த ஆத்மா ராம் பிராப்பர்டீஸ் தீர்ப்பு. டெல்லி கன்னாட் சர்க்கஸில் ஓர் இடம். 1944-ல் தொடங்கிய வாடகை, மாதம் 371 ரூபாய் 90 காசு. காலி செய்யச் சொல்லி உத்தரவானது. மேல்முறையீட்டில் தடை கேட்டபோது, மாதம் 15,000 ரூபாய் கட்டினால்தான் தடை என்றது தீர்ப்பாயம். உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயம் சொன்னதே சரி என்றது. காலி செய்ய உத்தரவான நாளிலிருந்து அவர் பழைய வாடகையைக் காட்டித் தப்பிக்க முடியாது, வெளியில் விட்டால் என்ன கிடைக்குமோ அதைத் தர வேண்டும் என்பது அதன் சாரம். தடையாணை மனு விசாரணைக்கு வரும் அன்று உங்கள் வக்கீல் இந்தத் தீர்ப்போடும், நீங்கள் சேர்த்து வைத்த தெரு வாடகைச் சான்றுகளோடும் நிற்க வேண்டும். மாதாமாதம் சந்தை வாடகையைக் கட்டிக்கொண்டு மேல்முறையீடு நடத்த யாரும் ஆசைப்படுவதில்லை. குத்தகைக் காலம் முடிந்துவிட்டால், காலி செய்ய உத்தரவு வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. முடிந்த நாளிலிருந்தே இழப்பீட்டுப் பொறுப்பு தொடங்குகிறது என்பதை 2022-ல் இந்தியன் ஆயில் – சுதேரா ரியால்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டால் வீடு அவர்களுக்கே போய்விடும் என்ற பயத்தில் பத்து வருஷக் குடித்தனக்காரரை விரட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் அனுமதியோடு வந்து வாடகை கொடுத்துக்கொண்டிருப்பவர், இது உங்கள் வீடே இல்லை என்று சொல்ல சாட்சியச் சட்டம் அனுமதிப்பதில்லை. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

இதெல்லாம் உங்கள் ஒருவர் வீட்டுப் பிரச்சினையாகவும் நின்றுவிடுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நாட்டின் நகரங்களில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகள் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன. அதற்குப் பல காரணம் உண்டு. விட்டால் திரும்ப வராதோ என்ற பயம் அதில் ஒன்று. பயந்தவர் பூட்டி வைக்கிறார், அல்லது பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார், அல்லது என்ன சாதி, எங்கே வேலை, வக்கீலா, போலீஸா என்று குடைகிறார். காலி செய் என்றதும் கௌரவமாகக் காலி செய்கிற பெரும்பாலான வாடகைதாரர்கள்தான் இதில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். ஒருவர் கேட்காமல் விட்ட இழப்பீட்டை, ஊர் பேர் தெரியாத யாரோ ஒரு புதுக் குடும்பம் அட்வான்ஸாகக் கட்டிக்கொண்டிருக்கிறது.

கடைசியாக, சாவி கைக்கு வரும் நாள். அன்றைக்குத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறீர்கள். சாவியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, “எந்தப் பாக்கியும் இல்லை” என்று எழுதிய தாளை இன்னொரு கையால் நீட்டுவார்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் வழக்கில் கேட்ட இழப்பீடு அந்தத் தாளோடு முடிந்தது. விட்டுக்கொடுப்பதானால் விட்டுக்கொடுங்கள், தப்பில்லை. 1,68,000 ரூபாயில் 1,00,000 போதும் என்று நீங்கள் முடிவு செய்வது வேறு. களைப்பில் எல்லாவற்றையும் விட்டுவிடுவது வேறு. ஒப்படைக்கும் அன்றே மின் மீட்டரின் அளவைப் படமெடுங்கள். ஃபேன், கீசர், குழாய், சன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் இருவருமாகச் சுற்றிவந்து பாருங்கள். எந்த மாதத்துக்கு எவ்வளவு, எந்தச் சேதத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி அட்வான்ஸில் கழியுங்கள். இரண்டு பிரதி எடுத்து, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும், அவர்கள் வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் அவர் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு சிவில் வழக்கறிஞர்